தேவ சித்தம் இதுதானா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வேதபாட வகுப்புக்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டேன்.

மகளுக்கு இரண்டு வரன் வந்திருக்கிறது. இரண்டுமே விசுவாசக் குடும்பம். என் நாத்தனார் இரண்டு பெயரையும் எழுதித் திருவுளச்சீட்டு போட்டு எடுக்கச் சொல்கிறார். போடலாமா ஐயா?

வேண்டாம் அம்மா. யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலனாக மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே என்பார்கள். அது அப்போஸ்தலர் முதலாம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தில், பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் வருகிறது. அதற்குப் பிறகு சபை ஒரு முடிவுக்காகச் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்பது எவ்வளவு பெரிய பிரச்சினை! அதைக்கூட எருசலேமில் உட்கார்ந்து பேசித்தான் தீர்த்தார்கள்.

வீடுகளில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். மனதுக்குப் பிடிக்காத பெயர் வந்துவிட்டால், "சரியா குலுக்கலை" என்று டம்ளரை மறுபடி குலுக்குவார்கள்.

ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஊழியக்காரன் ஓர் அடையாளம் கேட்டான், சரி. என்ன கேட்டான் என்று பாருங்கள். தனக்குத் தண்ணீர் கொடுப்பதோடு, ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்கிற பெண். அவனோடு வந்தது பத்து ஒட்டகம். தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டர்வரை குடிக்கும். குடத்தோடு கிணற்றில் இறங்கி ஏறி அவ்வளவுக்கும் ஊற்றுகிறவளின் குணம் அந்த அடையாளத்திலேயே தெரிந்துவிடுகிறது. நீங்களும் பையன்களின் குணத்தை விசாரியுங்கள். கடன் உண்டா, குடி உண்டா, வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் மகளுடைய விருப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிணற்றடியில் தண்ணீர் வார்த்த அந்த ரெபெக்காளின் வீட்டார்கூட "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்" என்றார்கள்.

புது வருஷ ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருஷத்துக்கென்று எடுக்கும் வசன அட்டை) "நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ" என்று இருந்தது. பிப்ரவரியில் குவைத் வேலை வந்தது. இது கர்த்தர் சொன்னதுதானே?

தம்பி, அந்த வசனம் ஆதியாகமம் 12-ல் ஆபிராமுக்கு, அதாவது பின்னால் ஆபிரகாம் ஆனவருக்கு, சொன்னது. அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் படியுங்கள். பத்தாம் வசனத்தில் பஞ்சம் வந்து அவர் எகிப்துக்குப் போகிறார். அங்கே பயத்தில் மனைவியைச் சகோதரி என்று சொல்லச் சொல்கிறார். அட்டையில் அதெல்லாம் வராது. அட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை, என் பைபிளிலும் ஒன்று கிடக்கிறது. அதை வைத்து விசா எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட், குடிபெயர்வோர் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு என்று படியுங்கள். அங்கே ஆராதனைக்குப் போக வழி உண்டா, வீட்டில் அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். விசாரிப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது.

ஜெபித்தால் மனதில் சமாதானம் வருகிறது. அதுவே உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

தனியாக அதை மட்டும் நம்பாதீர்கள். கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடிய யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்கு முழுவதும் கீழ்ப்படிந்த இயேசுவோ, சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டார். அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. சில நேரம் நமக்கு வருகிற சமாதானம், ஒரு கஷ்டமான காரியத்தைத் தள்ளிப்போட்ட நிம்மதிதான். வசனம் தெளிவாகத் தடுக்கிற காரியத்தில் எவ்வளவு சமாதானம் வந்தாலும் அது கணக்கில் வராது.

ஒரு தீர்க்கதரிசி கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டு, இந்த வீட்டை வாங்காதே என்றார். முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

நாத்தான் பெரிய தீர்க்கதரிசி. தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, கர்த்தர் உம்மோடு இருக்கிறார், செய்யும் என்று உடனே சொல்லிவிட்டார். அன்று இரவே கர்த்தர் வேறு சொன்னார்; நாத்தான் திரும்பிப் போய் அதைத் தாவீதிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் எவர் சொன்னாலும், தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியபடி, அற்பமாக எண்ணவும் வேண்டாம், சோதிக்காமல் விடவும் வேண்டாம். வில்லங்கச் சான்று எடுங்கள், தாய்ப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சிக்கல் இருந்தால் விலகுங்கள். இல்லையென்றால் உங்கள் போதகரிடமும் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிதியோன் மாதிரி தோல் போட்டுப் பார்க்கலாமா?

இஸ்ரவேலை மீட்கப் போ என்ற கட்டளை கிதியோனுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நம்பிக்கை வராமல், களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்றும், பிறகு அதில் மட்டும் பெய்யாமல் இருக்கட்டும் என்றும் இரண்டு தரம் அடையாளம் கேட்டான், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். பின்பற்றுவதற்கு வேறு நல்ல முன்மாதிரிகள் உண்டு.

மிஷனரி ஊழியத்துக்குப் போக முயன்றேன், எல்லாக் கதவும் அடைபட்டது. அழைப்பே இல்லையா?

மிஷனரி ஏமி கார்மைக்கேல் முதலில் சீனாவுக்குப் போகத் தயாரானார், உடல்நிலை விடவில்லை. 1893-ல் ஜப்பானுக்குப் போனார், அங்கேயும் நிலைக்க முடியவில்லை. 1895-ல் இந்தியா வந்தார். 1901 முதல் திருநெல்வேலிப் பக்கத்துத் தோனாவூரில் பிள்ளைகளை வளர்த்து, 1951-ல் அங்கேயே இறந்தார். பவுலுக்கும் ஆசியா, பித்தினியா (இரண்டுமே இன்றைய துருக்கியில் இருந்த ரோம மாகாணங்கள்) தடைபட்ட பிறகுதான், மக்கெதோனியாவுக்கு வா என்று அழைக்கும் தரிசனம் வந்தது. கதவு அடைபட்டதை வைத்து அழைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இப்போது உங்கள் சபையில் எந்த வேலை உங்களை நம்பிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள், அதை வைத்துப் பேசலாம்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். நர்சிங்கா, பி.காமா? தேவ சித்தம் தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டிலும் பாவம் இல்லையம்மா. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, கணக்கு பிடிக்குமா, வீட்டில் எவ்வளவு பணம் கட்ட முடியும், இதையெல்லாம் அப்பாவோடு பேசு. ஜெபித்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று இன்றைக்கே பார்த்துவிடு.