தோற்றுத் தோற்று ஒரு ஹாக்கி அணியைக் கட்ட முடியுமா?

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் சில அணிகள் நட்சத்திரங்களை விற்றுவிட்டு, சில ஆண்டுகள் தோற்று, டிராஃப்டில் இளம் வீரர்களைச் சேர்த்து மீண்டும் எழப்போவதாகச் சொல்கின்றன. இது உண்மையில் பலன் தருகிறதா? வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல் புதிய அணிகளைச் சேர்த்துக்கொண்டே போவது சரியா?

பதில்:

தோற்றால் நல்ல வீரர்கள் கிடைப்பார்கள். நல்ல அணி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ரசிகர்களுக்குள் இவ்வளவு சண்டை. நான் இருப்பது டொராண்டோவில். இங்கே குளிர்காலத்தில் வேறு பேச்சே கிடையாது. ஸ்கார்பரோவில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகன், "மாமா, எல்லாரையும் விற்றுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று ஒவ்வொரு மே மாதமும் சொல்வான். அக்டோபரில் ஆட்டம் தொடங்கியதும் மறந்துவிடுவான்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்காக டிராஃப்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் பணம் பேசும். டிராஃப்டில் பணத்துக்கு வேலையே இல்லை. கோடைத் தொடக்கத்தில், ஏழு சுற்றுகளாக, 32 அணிகளும் வரிசைப்படி பெயர்களைச் சொல்லும். பெரும்பாலும் 18 வயதுப் பையன்கள். எந்த அணி பெயரைச் சொன்னதோ அந்த அணிக்கே அவன்மீது உரிமை. எந்த ஊர் பிடிக்கும் என்று பையனை யாரும் கேட்பதில்லை. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு வரிசையில் முன்னிடம். கடைசி இடத்துக்கு முதல் தேர்வு நிச்சயம் என்று வைத்தால் ஆளாளுக்குத் தோற்கக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் 1995 முதல் குலுக்கல் முறை இருக்கிறது. அப்படியும் கிளம்பத்தான் செய்தார்கள்.

இதற்கு அமெரிக்காவின் பஃபலோ நகர அணியைவிட நல்ல பாடம் கிடையாது. பஃபலோ சேபர்ஸ் 2013-14இல் லீகிலேயே கடைசி. அடுத்த ஆண்டும் கடைசி. அந்த 2015 டிராஃப்டில் கானர் மெக்டேவிட், ஜாக் ஐக்கல் என்று இரண்டு பையன்கள் காத்திருந்தார்கள். அப்போது குலுக்கல் முதல் இடத்துக்கு மட்டும்தான். ஆகவே கடைசி அணிக்கு இரண்டாவது தேர்வாவது உறுதி. அதாவது கடைசியில் முடித்தால் இருவரில் ஒருவர் கட்டாயம் கிடைப்பார். 2015 மார்ச் மாதம், கடைசி இடத்துக்குப் போட்டியாக இருந்த அரிசோனா அணி பஃபலோவுக்கு வந்து, கூடுதல் நேரத்தில் கோல் அடித்து வென்றது. சொந்த அரங்கில் உட்கார்ந்திருந்த பஃபலோ ரசிகர்கள் எதிரணியின் அந்தக் கோலுக்குக் கைதட்டினார்கள். தோற்பதற்காகவா வியர்வை சிந்துகிறோம் என்று அவர்களுடைய சொந்த வீரர்களே மனம் நொந்த நாள் அது.

குலுக்கலில் 20 சதவீத வாய்ப்பு வைத்திருந்த பஃபலோவைத் தாண்டி, 11.5 சதவீதம் வைத்திருந்த எட்மன்டன் வென்றது. மெக்டேவிட் அங்கே போனார். பஃபலோவுக்கு ஐக்கல்.

இது துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் ஐக்கல் ஒன்றும் ஆறுதல் பரிசு இல்லையே! அதற்கு முந்தைய ஆண்டு இரண்டாவது தேர்வாகச் சாம் ரைன்ஹார்ட்டை எடுத்திருந்தார்கள். 2018இல் முதல் தேர்வாக ராஸ்மஸ் டாலின், 2021இல் மறுபடியும் முதல் தேர்வாக ஓவன் பவர். இவ்வளவு சரக்கு கையில் இருந்தும், 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 சீசன்கள் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகள், பக்கமே அவர்கள் போகவில்லை. என்எச்எல் வரலாற்றில் இது சாதனை, வேறு யாரும் விரும்பாத சாதனை.

போனவர்களின் கதையைப் பாருங்கள். 2018இல் பஃபலோ விட்டுக்கொடுத்த ரையன் ஓ'ரைலி, அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ் அணியோடு லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றார். பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. கழுத்துக் காயத்துக்கு எந்த அறுவை சிகிச்சை செய்வது என்பதில் ஐக்கலுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றியது. தலைவர் பொறுப்பைப் பறித்தார்கள், பிறகு லாஸ் வேகாஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2023இல் அவர் கோப்பையைத் தூக்கினார், அந்த பிளேஆஃபில் அதிகப் புள்ளிகள் (அடித்த கோல்களும் உதவிய கோல்களும்) எடுத்தவரும் அவர்தான். ஃபுளோரிடாவுக்குப் போன ரைன்ஹார்ட் 2024 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றிக் கோல் அடித்தார். ஆக, ஆள் தேர்வில் பஃபலோ பெரிதாகத் தவறவில்லை. அந்த ஆட்களைக் கொண்டுபோய் வைத்த வீடுதான் சரியில்லை. 2013இல் லிண்டி ரஃப் என்ற பயிற்சியாளரை நீக்கினார்கள். அதன்பின் ஆறு பேரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 2024இல் யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? அதே லிண்டி ரஃபை.

என் அலுவலகத்தில் பஃபலோ ரசிகர் ஒருவர் இருக்கிறார். நான் இதைச் சொன்னால் கோபப்பட மாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் அவரைச் சீண்டுவதை விட்டுவிட்டேன்.

ரசிகர்கள் டிராஃப்ட் நாளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அதற்கு அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூடைப்பந்தில் முதல் பத்துக்குள் எடுத்த பையன் அடுத்த சீசனிலேயே களமிறங்குவது வழக்கம். ஹாக்கியில் முதல் சுற்றுப் பையன்களிலும் பலர் அன்றைக்கு உடலளவில் தயாராக இருப்பதில்லை. முப்பது வயது தற்காப்பு வீரர் சுவரோடு சேர்த்து மோதும்போது பதினெட்டு வயதுத் தோள் என்ன செய்யும்? அவனைத் திரும்ப ஜூனியர் லீகுக்கு அனுப்பலாம், கல்லூரியில் ஆடவிடலாம், ஸ்வீடனிலோ பின்லாந்திலோ பெரியவர்களோடு ஆடவிடலாம், பிறகு ஏஎச்எல் என்ற இரண்டாம் நிலை லீகில் பதப்படுத்தலாம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. கனடிய ஜூனியர் லீகிலிருந்து வந்த பையனை, இருபது வயது ஆவதற்கு முன் ஏஎச்எல்லுக்கு அனுப்ப விதி இடம் கொடுக்கவில்லை. என்எச்எல் அல்லது மீண்டும் ஜூனியர், இரண்டில் ஒன்று. ஜூனியரில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும் பையனுக்கு அங்கே கற்க ஒன்றும் மிச்சமில்லை. என்எச்எல்லிலோ மூச்சு முட்டும்.

இதற்கும் பஃபலோவிலேயே உதாரணம் உண்டு, மன்னியுங்கள். 2012இல் முதல் சுற்றில் எடுத்த மிகைல் கிரிகரென்கோவைப் பதினெட்டு வயதிலேயே என்எச்எல்லில் இறக்கினார்கள். ஓரமாகச் சில நிமிடங்கள் ஆடவிட்டார்கள், ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி அழைத்தார்கள். 2015இல் வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் பெரிய வீரராக ஆகியிருப்பாரா என்பது தனிக் கேள்வி. ஆனால் ஆவதற்கு வழியே விடவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எதிர்ப்பக்கம் டெட்ராய்ட். பாவெல் டாட்சுக்கை 1998இல் 171ஆவது தேர்வாகவும், ஹென்ரிக் ஸெட்டர்பெர்கை 1999இல் 210ஆவது தேர்வாகவும் எடுத்தார்கள். எடுத்ததும் அவசரப்படவில்லை, இருவரும் தத்தம் நாட்டில் ஆடிப் பக்குவப்பட்ட பிறகே வந்தார்கள். தொடர்ந்து 25 ஆண்டுகள் பிளேஆஃப் ஆடிய அணி அது, தோற்றுப் பெரிய தேர்வுகளைச் சேர்க்க வாய்ப்பே கிடைக்காத அணி. டாம்பாவும் அப்படித்தான்: நிகிதா குச்செரோவ் 58ஆவது, பிரேடன் பாய்ன்ட் 79ஆவது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், டாம்பாவிடம் முதல் தேர்வு ஸ்டாம்கோஸும் இரண்டாவது தேர்வு ஹெட்மனும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள் மோசமாக ஆடிய ஆண்டுகளில் கிடைத்தவர்கள்தான். தோல்வியால் பயனே இல்லை என்று நான் வாதாட வரவில்லை.

எட்மன்டனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010, 2011, 2012 மூன்று ஆண்டுகளும் முதல் தேர்வு, 2015இல் மெக்டேவிட். ஆறே டிராஃப்டுகளில் நான்கு முதல் தேர்வுகள்! 2012இல் எடுத்த நைல் யாகுபோவ் 2018க்குப் பிறகு என்எச்எல்லில் ஆடவில்லை. மெக்டேவிட் என்ற ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் வீரர் இருந்தும் 2024, 2025 இறுதிப் போட்டிகளில் ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள். ஒரே அணி குலுக்கலில் திரும்பத் திரும்ப வெல்வதைப் பார்த்துக் கடுப்பான லீக், ஐந்தாண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் வெல்லக்கூடாது என்று இப்போது விதியே வைத்துவிட்டது.

இனி எங்கள் டொராண்டோ. 2015-16இல் முறைப்படி கடைசி, குலுக்கலிலும் வெற்றி, ஆஸ்டன் மேத்யூஸ் வந்தார். முன்பே எடுத்த நைலாண்டரும் மார்னரும் உண்டு. மறுகட்டமைப்புப் பாடப்புத்தகம் சொல்கிறபடி எல்லாம் நடந்தது. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பிளேஆஃப், அதில் வென்ற சுற்றுகள் இரண்டே இரண்டு. ஜான் டவாரஸை ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கு 2018இல் கொண்டுவந்தார்கள். அதன்பின் பெருந்தொற்றால், ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு நகரவே இல்லை. நான்கு முன்கள வீரர்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியை விழுங்க, கோல்கீப்பருக்கும் தற்காப்புக்கும் மிச்சம்மீதிதான். 2025இல் மார்னரும் வேகாஸுக்குப் போய்விட்டார். கடைசிக் கோப்பை 1967. அந்த ஆண்டு லீகில் இருந்தது ஆறு அணிகள்.

ஆறிலிருந்து பன்னிரண்டாக லீக் பெருகியது அடுத்த சீசனில். உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. தரம் குறையும் என்று அன்றும் சொன்னார்கள். சில ஆண்டுகள் குறையவும் செய்தது. ஆனால் அன்று ஏறக்குறைய எல்லா வீரர்களும் கனடியர்கள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் குடியரசு என்று வந்து குவிகிறார்கள். கோல்கீப்பர்கள் விஷயத்தில் மட்டும் பற்றாக்குறை இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டாவது கோல்கீப்பர் நிற்கும் இரவுகளில் எந்த ரசிகரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்.

2017இல் 50 கோடி டாலர் கொடுத்து வேகாஸ் நுழைந்தது. ஒவ்வொரு அணியும் குறிப்பிட்ட சிலரைப் பாதுகாத்துக்கொள்ள, மிச்சமிருப்பவர்களில் அணிக்கு ஒருவராக எடுக்கலாம் என்பது விதி. தள்ளிவிட்டவர்களைக் கொண்டு ஓர் அணி. முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்குப் போனார்கள்! ஐபிஎல்லில் குஜராத் நுழைந்த ஆண்டிலேயே கோப்பையை வென்றது நினைவிருக்கும். இது அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. எப்படி? மற்ற மேலாளர்கள் பயந்துபோனார்கள். இவரை எடுக்காதே, பதிலாக அவரைத் தருகிறேன் என்று பேரம் பேசி, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார்கள். முந்தைய சீசனில் 30 கோல் அடித்த மார்ஷசோவைப் பாதுகாக்காமல் விட்ட ஃபுளோரிடா, கூடவே ரைலி ஸ்மித்தையும் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்குக் கொடுத்தது. கொலம்பஸ் தள்ளிவிட்ட வில்லியம் கார்ல்சன் முந்தைய சீசனில் 6 கோல், வேகாஸில் 43.

அதைவிட முக்கியம், அவர்கள் தங்கள் டிராஃப்டை என்ன செய்தார்கள் என்பது. 2017 முதல் சுற்றில் எடுத்த மூன்று பையன்களையும் சில ஆண்டுகளுக்குள் மற்ற அணிகளுக்குக் கொடுத்து வேறு வீரர்களை வாங்கிவிட்டார்கள். அதில் ஒருவரான நிக் சுஸுகி இன்று மான்ட்ரியலின் தலைவர். வேகாஸுக்கு வருத்தம் இல்லை. 2023இல் கோப்பை அவர்கள் கையில். பஃபலோ காத்திருந்து வளர்த்தவரை வேகாஸ் வாங்கிக்கொண்டது. இந்த அவசரமும் பேராசையும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேலை செய்ததை மறுக்க முடியாது. 2021இல் சியாட்டில் 65 கோடி டாலரோடு வந்தபோது மேலாளர்கள் பாடம் கற்றிருந்தார்கள், பேரத்துக்கு மசியவில்லை. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற கணக்கில், முதல் சீசனில் சியாட்டிலுக்கு 60 புள்ளிகள்தான்.

பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி எதற்கு என்று கனடியர்கள் கேலி செய்வார்கள். எங்கள் மேத்யூஸ் வளர்ந்தது அரிசோனாவில். 1996இல் வின்னிபெக்கிலிருந்து அணி அங்கே போகாவிட்டால், குழந்தையாக அவர் யாரைப் பார்த்து மட்டையைத் தூக்கியிருப்பார்? 2023-24இல் அவர் அடித்த 69 கோல்களை டொராண்டோ ரசிகர் கொண்டாடிக்கொண்டே தெற்கு அணிகளைத் திட்டுவது கொஞ்சம் நன்றிகெட்ட செயல். அந்த அரிசோனா அணியோ, கடைசியில் ஐயாயிரம் இருக்கைகூடத் தேறாத கல்லூரி அரங்கில் ஆடி, 2024இல் யூட்டாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

இப்போது ஹூஸ்டன், அட்லாண்டா என்று பெயர்கள் அடிபடுகின்றன. அட்லாண்டா ஏற்கெனவே இரண்டு அணிகளை இழந்த ஊர்: 1980இல் கால்கரிக்கு ஒன்று, 2011இல் வின்னிபெக்குக்கு ஒன்று. மூன்றாவது முறை கொடுப்பதில் எனக்குத் தடை இல்லை, உரிமையாளர் சரியாக அமைந்தால். ஆனால் கியூபெக் நகரம் 1995இல் அணியை இழந்தது, 2015இல் புது அரங்கம் கட்டித் திறந்துவைத்தது, விண்ணப்பமும் போட்டது. லீக் வேகாஸை எடுத்துக்கொண்டு கியூபெக்கைத் தள்ளிவைத்தது. சிறிய ஊர், கனடிய டாலரின் மதிப்பு என்று காரணங்கள் சொல்கிறார்கள். வணிகக் கணக்கில் அவை சரியாகவே இருக்கலாம். என்னிடம் வாக்கு இருந்தால் 33ஆவது அணியைக் கியூபெக்குக்குத்தான் கொடுப்பேன். என் அக்கா மகன் இதைக் கேட்டால், டொராண்டோவுக்கு இன்னொரு எதிரி எதற்கு மாமா என்று சண்டைக்கு வருவான்.