கைதட்டினால் மட்டும் போதுமா?

எழுதுகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் ஊக்கம் எப்போது பலன் தருகிறது, எப்போது எதிராகத் திரும்புகிறது என்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

பள்ளி ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தப்பு செய்தால் சத்தம் போடுவேன். 'இனிமேல் பாசிட்டிவாகப் பேசுங்கள்' என்கிறார் தலைமையாசிரியர். தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் தலையில் ஏறிக்கொள்ள மாட்டார்களா?
– உடற்கல்வி ஆசிரியர், தென்காசி மாவட்டம்

வெறுமனே தட்டிக்கொடுத்தால் ஏறிக்கொள்ளத்தான் செய்வார்கள். சத்தம் போடுவதை விட்டுவிட்டு 'சூப்பர்டா' போடுவதால் ஒன்றும் மாறாது. தப்பு நடந்த அந்த நொடியில் பையனுக்குத் தேவை, அடுத்த தடவை என்ன செய்யவேண்டும் என்ற விவரம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற உளவியலாளர்கள் 1970-களிலிருந்து சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை மைதானத்திலேயே உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். அதை வைத்து கோச்சுகளுக்கு இரண்டரை மணி நேர வகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். நல்ல ஆட்டத்தோடு நல்ல முயற்சியையும் கண்ட உடனே சொல்லவேண்டும்; தப்பு நடந்தால் முதலில் தைரியம், அடுத்த மூச்சில் திருத்தம்; தண்டனையும் கிண்டலும் கிடையாது. வகுப்பின் சாரம் இவ்வளவுதான். 1992-ல் வெளிவந்த ஆய்வின்படி, இந்த வகுப்புக்குப் போன கோச்சுகளிடம் ஆடிய சிறுவர்களில் அடுத்த பருவத்துக்கு வராமல் நின்றுகொண்டவர்கள் 5 சதவீதம். வகுப்புக்குப் போகாத கோச்சுகளிடம் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தலைமையாசிரியரிடம் இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: நல்லபடியாகப் பேசுவதால் கோப்பை வந்துவிடாது, அடுத்த வருஷம் அணியில் பிள்ளைகள் மிச்சமிருப்பார்கள்.

பெனால்டி கார்னரில், கோலுக்கு அடிப்பவனுக்காகப் பந்தை நிறுத்திக்கொடுக்கவேண்டிய ஸ்டாப்பர் அதைத் தவறவிட்டான் என்று வையுங்கள். "கண்ணு எங்கடா இருக்கு?" என்று கத்தினால் அடுத்த கார்னரில் பந்துக்கு முன்னால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். "பரவாயில்ல, பந்து வர்றதுக்கு முன்னாலயே ஸ்டிக்கைத் தரையோட வை" என்றால் அவன் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. இதைவிட நீளமாகப் பேசவேண்டாம். ஆடிக்கொண்டிருப்பவன் காதில் ஏறாது.

இன்னொன்று, ஆள் மாற்றுவது. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், தப்பு செய்தவனை அந்த நிமிஷமே வெளியே இழுக்கும் சபலம் கோச்சுக்கு வருகிறது. இரண்டு ஆட்டம் அப்படிச் செய்தால் போதும். பையன்கள் முன்னோக்கித் தள்ளவேண்டிய பந்தைப் பின்னாலிருப்பவனுக்குக் கொடுத்துத் தப்பிக்கப் பழகிவிடுவார்கள். ஃபார்வர்டுகளை 5, 6 நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து மாற்றுங்கள், பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே படித்துக் காட்டிவிடுங்கள். அப்புறம் வெளியே வருவது தண்டனையாகப் படாது.

குவார்ட்டர் இடைவேளை 2 நிமிஷம். முதல் 40 வினாடி தண்ணீர் மட்டும். யாரும் பேசவேண்டாம், நீங்களும். அடுத்த ஒரு நிமிஷத்தில், அப்படியே தொடரவேண்டியது ஒன்று, மாற்றவேண்டியது ஒன்று. மிச்ச நேரம் கேப்டனுக்கு. ஏழெட்டுத் திருத்தங்களைக் கொட்டுகிற கோச்சின் பேச்சில் கடைசி வாக்கியம் மட்டும்தான் பிள்ளைகளோடு மைதானத்துக்குள் போகும்.

சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரம் உண்மையிலேயே ஜெயிக்க வைக்கிறதா, அல்லது நாம் அப்படி நினைத்துக்கொள்கிறோமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

ஜெயிக்க உதவுகிறது. ஆனால் நாம் நினைக்கும் வழியில் மட்டும் அல்ல. ஆரவாரத்தில் பாதி நடுவர் காதுக்குப் போகிறது. 2002-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்றில், லிவர்பூல் அணியின் கால்பந்து ஆட்டம் ஒன்றின் 47 மோதல்களை 40 நடுவர்களுக்கு வீடியோவில் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிமீது சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். 2020 மே மாதம் ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்து லீக் ஆளில்லாத அரங்குகளில் தொடர்ந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. சொந்த ஊர் அணிகளின் வெற்றி குறைந்தது. வெளியூர் அணிக்குக் கூடுதலாக விழுந்துகொண்டிருந்த மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

ஆக, உங்கள் கல்லூரி அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துங்கள், தப்பில்லை. யோசனை மட்டும் சொல்லாதீர்கள். "பாஸ் பண்ணு", "அடி", "திரும்பு" என்று எல்லையோரத்திலிருந்து பத்துப் பேர் பத்து விதமாகக் கத்தினால் ஆடுகிறவனுக்குப் பதினோரு கோச்சுகள். பெயரைச் சொல்லுங்கள், கைதட்டுங்கள், அது போதும். எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் தட்டலாம். 1999 ஜனவரி 31-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. சென்னை ரசிகர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

என் சிறுகதைகளை நண்பர்கள் 'அருமை' என்கிறார்கள். பத்திரிகைகள் திருப்பி அனுப்புகின்றன. யாரை நம்புவது?
– வாசகி, கோவை

இரண்டு தரப்பும் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'அருமை'யிலும் தகவல் இல்லை, 'பிரசுரிக்க இயலவில்லை'யிலும் இல்லை. நண்பர்களிடம் கேட்கும் கேள்வியை மாற்றிப் பாருங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நல்ல மனுஷர் யாரும் "நன்றாக இல்லை" என்று சொல்லமாட்டார். இப்படிக் கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் போனை எடுத்தீர்கள்? யார் யாருக்கு என்ன உறவு என்று எங்கே குழப்பம் வந்தது? கதையைப் பார்க்காமல் நான்கு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடியுமா? கடைசிக் கேள்விதான் ரொம்ப உபயோகம். நீங்கள் எழுதியதாக நினைக்கும் கதையும் அவர் வாசித்த கதையும் ஒன்றுதானா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன வாசிப்பு வட்டம் அமைத்தால் இன்னும் நல்லது. நான்கிலிருந்து ஆறு பேர். ஆறைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 2,000 சொல்லுக்கு மேற்படாத ஒரு கதை, ஐந்து நாள் முன்னதாகவே எல்லோர் கையிலும் இருக்கவேண்டும். கூட்டத்தில் முதல் பக்கத்தை எழுதியவர் அல்லாத வேறொருவர் உரக்க வாசிக்கட்டும். அவர் நாக்கு எங்கே இடறுகிறதோ அந்த வாக்கியத்தில் கோளாறு. பிறகு இருபது நிமிஷம் எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. இது கொடுமையாகத் தோன்றும், ஆனால் தவிர்க்க முடியாது. "நான் அங்கே என்ன சொல்ல வந்தேன் என்றால்" என்று அவர் ஆரம்பித்துவிட்டால் மற்றவர்கள் கதையை விட்டுவிட்டு அவரைச் சமாதானப்படுத்தத் தொடங்குவார்கள். வாசிக்கிற ஒவ்வொருவரும் மனசில் நின்றுவிட்ட வரி ஒன்றையும், இடறிய இடம் ஒன்றையும் பக்க எண்ணோடு சொல்லவேண்டும். கடைசிப் பத்து நிமிஷம் எழுதியவர் கேள்வி கேட்கலாம்.

இந்த வட்டங்கள் பெரும்பாலும் இரண்டு விதத்தில் கெட்டுப்போகின்றன. ஒன்று, "நானாக இருந்தால் அவளைக் கடைசியில் சாகடித்திருப்பேன்" என்று தன் கதையை எழுதித் தருகிறவர். அவரை உடனே நிறுத்தவேண்டும். இன்னொன்று, நீ என்னைப் புகழ், நான் உன்னைப் புகழ்கிறேன் என்ற எழுதாத ஒப்பந்தம். இதை நிறுத்துவது கஷ்டம், ஏனென்றால் எல்லோருக்கும் அது சுகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒருவரைச் சேர்ப்பதுதான் தெரிந்த மருந்து.

இன்னொரு எச்சரிக்கை. கருத்துச் சொல்வது எப்போதும் நன்மை என்று நினைத்துவிடாதீர்கள். 1996-ல் குளுகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டம் உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் வேலையின் தரம் அதனால் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை நோக்கித் திரும்பும்போது கெடுகிறது என்பது அவர்கள் விளக்கம். அதனால்தான் 'நீங்கள் பிறவி எழுத்தாளர்' என்ற பாராட்டும், 'உங்களுக்கு எழுத்து வராது' என்ற வசையும் மேசையில் ஒரே அளவு கேடு. முதல் வரைவையும் காட்டாதீர்கள். நீங்களே ஒருமுறை திருத்தி எழுதி, இனி எங்கே கைவைப்பது என்று தெரியாமல் நிற்கும்போது கொடுங்கள்.

நேர்மறையாக நினைத்தால் நடக்கும் என்று சொல்லி, 'நாவல் வெளியீட்டு விழா' படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். ஒரு அத்தியாயம்கூட நகரவில்லை.
– வங்கி ஊழியர், சேலம்

நகராது. விழா மனசுக்குள் ஏற்கெனவே முடிந்துவிட்டது, மாலையும் விழுந்துவிட்டது. காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். 2011-ல் அவரும் ஹெதர் கேப்பஸும் வெளியிட்ட ஆய்வில், இனிய கற்பனையில் ஆழ்ந்தவர்களுக்கு வேலையில் இறங்கத் தேவையான ஊக்கம் குறைந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவே இறங்கியது.

அவர் சொல்லும் மாற்று வழி எளிது. விருப்பத்தை எழுதுங்கள். அது நிறைவேறினால் என்ன நடக்கும் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். உடனே, உங்களுக்குள் இருக்கும் தடை எது என்று எழுதுங்கள். ஆபீசையோ மாமியாரையோ இழுக்கக்கூடாது. கடைசியாக, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு வாக்கியம். உதாரணமாக: "ராத்திரி தட்டைக் கழுவி வைத்ததும் போனை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு 300 சொல் எழுதுவேன்." வாரத்துக்கு ஐந்து நாள் இப்படிப் போனால் 1,500 சொல், வருஷத்தில் 75,000. அது ஒரு நாவல். படத்தைக் கிழிக்கவேண்டாம், முடித்த பிறகு பார்க்கலாம்.

எங்கள் ஊர் வாலிபால் கிளப்புக்கு ஒருவர் 15,000 ரூபாய் தர முன்வந்திருக்கிறார். எல்லோருக்கும் ஜெர்சி எடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
– கிளப் செயலாளர், திருவண்ணாமலை மாவட்டம்

முதலில் பந்து வாங்குங்கள். 12 பேர், ஒரு பந்து என்றால் வரிசையில் நின்று சர்வீஸ் போட ஒருவருக்கு இரண்டு, இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு முறைதான் கை வரும். அரை மணியில் 12 அல்லது 15 சர்வீஸ். ஆறு பந்து இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் போடலாம், அதே அரை மணியில் அறுபதைத் தாண்டும். பம்ப், ஊசி, வலையை இறுக்க ஒழுங்கான கயிறு. வலை நடுவில் தொய்ந்து கிடந்தால் 2.43 மீட்டர் உயரத்துக்குப் பழகாமலே போட்டிக்குப் போவீர்கள். பிறகு ஐஸ் பெட்டி, கிரேப் பேண்டேஜ். மிச்சத்தைப் போட்டிக்குப் போகும் பஸ் செலவுக்கு வையுங்கள். பஸ் காசில்லாமல் 'உடம்பு சரியில்லை' என்று நின்றுவிடும் பையன் எல்லா ஊரிலும் ஒருவன் இருக்கிறான். இதற்கும் மேல் மிஞ்சினால் ஜெர்சி. பணம் தருகிறவர் நெஞ்சில் தன் பெயர் வேண்டும் என்றால் பந்துப் பையில் எழுதிக்கொள்ளட்டும்.

கோவில்பட்டிப் பக்கத்தில் மட்டும் எப்படி இத்தனை எழுத்தாளர்களும் இத்தனை ஹாக்கி வீரர்களும்? கரிசல் மண்ணின் வாகா?
– வாசகர், சென்னை

மண்ணுக்குக் கும்பிடு போட்டுவிட்டு மனுஷர்களைப் பார்ப்போம். கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது, செயற்கைப் புல்தரை இருக்கிறது, அகில இந்தியப் போட்டி நடக்கிறது. சுற்று வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கிளப்புகள். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடி வெண்கலம் பெற்ற இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். அதே அணியின் கார்த்தி அரியலூரிலிருந்து வந்து இந்த விடுதியில் வளர்ந்தவர். மண்ணின் வாகு மட்டும் என்றால் அரியலூர்ப் பையனுக்கு என்ன கணக்கு? தங்க இடம், வேளாவேளைக்குச் சோறு, தன்னைவிட நன்றாக ஆடும் அண்ணன்கள், அவ்வப்போது வெளியூர் அணிகளோடு மோதல் – இவை ஓரிடத்தில் சேர்ந்தால் வீரர்கள் வருகிறார்கள்.

எழுத்திலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், விடுதி மட்டும் கிடையாது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923-ல் பிறந்த இருவர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி முதலில் எழுதத் தொடங்கிச் சென்னைக்குப் போனார். கி.ரா. ஊரில் விவசாயத்தோடு இருந்தார். அவர் கதை எழுத வந்தது முப்பத்தைந்து வயதை ஒட்டி. இடையில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. புகழ் பெறாத காலத்தில் நீளமாகக் கடிதம் எழுத ஒரு சிநேகிதர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது அந்தக் கடிதங்களை வாசித்தால் புரியும். அவை நூலாகவே வந்துள்ளன. பின்னால் கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை இளம் எழுத்தாளர்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது. இந்த வட்டாரத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்த ஆண்டுகள்: அழகிரிசாமி 1970, கி.ரா. 1991, பூமணி 2014, சோ. தர்மன் 2019. அழகிரிசாமிக்கு அது இறந்த பிறகு வந்தது. ஊக்கத்தை விருதுக் குழுவிடம் விட்டுவைத்தால் இப்படியும் நேரும்.

ஒரு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மகன் கபடியை விடப்போகிறேன் என்கிறான். கோச் 'பொறுமையாக இரு' என்கிறார்.
– ஒரு தாய், தேனி மாவட்டம்

கோச்சிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். களத்தில் இறங்க இவனிடம் குறைவது எது – கணுக்காலைப் பிடிக்கும் பிடியா, மூச்சா, எடையா? அதை எப்போது மறுபடி பார்ப்பீர்கள், தேதி என்ன? அதோடு பெஞ்சில் இருக்கும்போது அவனுக்கு வேலை தரச் சொல்லுங்கள். எதிரணி ரெய்டர் எந்தப் பக்கம் திரும்புகிறான், 30 வினாடியில் எத்தனையாவது வினாடியில் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறான் என்று நோட்டில் குறித்து, இடைவேளையில், ஓரத்தில் நின்று ரெய்டரைப் பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரர்களிடம் அவனே சொல்லட்டும். இரண்டு கேள்விக்கும் கோச்சிடம் பதில் இல்லையென்றால், பையன் விடவேண்டியது கபடியை அல்ல, அந்த கிளப்பை.