பேட்ச் போட்டாச்சு, சாவியை மாற்றினீர்களா?

லாஸ்பேட்டை: நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் (ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பின் மேல் வலைத்தளம் கட்டும் கருவி) கட்டிய வாடிக்கையாளர் தளம். 2025 டிசம்பரில் வெளியான ரியாக்ட் பாதுகாப்பு ஓட்டைக்கு ஒரு வாரம் தாமதமாக பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டோம். இனிப் பயமில்லைதானே?

இருக்கிறது. சிவிஇ-2025-55182 (அந்த ஓட்டையின் பதிவு எண்) டிசம்பர் 3 அன்று வெளியானது, தீவிரத்துக்கான மதிப்பெண் 10-க்கு 10. லாகின் தேவையில்லை, திட்டமிட்டு அமைத்த ஒரு கோரிக்கை போதும், எதிராளியின் கட்டளை உங்கள் சர்வரில் ஓடும். வெளியான சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. ஒரு வாரம் திறந்து கிடந்த சர்வரில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பேட்ச் கதவைத்தான் மூடும். என்விரான்மென்ட் வேரியபிள்களில் (சர்வரில் நிரலுக்காக வைக்கும் அமைப்பு மதிப்புகள்) இருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், கிளவுட் சாவி, பேமென்ட் கேட்வே சாவி ஆகியவற்றை யாராவது எடுத்துப் போயிருந்தால், அவை இன்றும் செல்லும். வரிசை முக்கியம்: முதலில் புது சர்வரை எழுப்பி, பேட்ச் போட்ட நிரலை அதில் ஏற்றுங்கள். அதன் பிறகு சாவிகளைப் புதிதாக உருவாக்கி, பழையவற்றை ரத்து செய்யுங்கள். பழைய சர்வரிலேயே புது சாவியை வைத்தால், உள்ளே யாராவது இருந்தால் அதுவும் போய்விடும். கிரான் பட்டியலில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) தெரியாத வரி, கூடுதலாக ஒரு எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவுவது) என்று தடயம் கிடைத்தால், கண்ட 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022-இல் வந்த உத்தரவு அது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நெக்ஸ்ட் தனக்கான ரியாக்ட் சர்வர் பகுதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ரியாக்டை மட்டும் உயர்த்தினால் ஓட்டை அப்படியே இருக்கும். நெக்ஸ்டையே உயர்த்த வேண்டும். டிசம்பர் 11-இல் அதே பகுதியில் மேலும் ஓட்டைகள் வெளியாயின, அவற்றில் ஒன்றுக்குத் தந்த முதல் திருத்தமும் முழுமையாக இல்லை. அதனால் முதல் பேட்சோடு நிற்காமல் நீங்கள் பயன்படுத்தும் நெக்ஸ்ட் பதிப்பு வரிசையின் கடைசிப் பதிப்புக்குப் போய்விடுங்கள்.

மஞ்சக்குப்பம், ஆடிட்டர் அலுவலகம்: வின்ராரை (சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யச் சொல்கிறார்கள். அவசரமா?

இன்றே செய்யுங்கள். விண்டோஸுக்கான வின்ராரில் 7.12 வரை சிவிஇ-2025-8088 என்ற ஓட்டை இருக்கிறது. 2025 ஜூலை 30-இல் வந்த 7.13-இல் அடைத்தார்கள். தாக்குபவர் அனுப்பிய கோப்பைப் பிரிக்கும்போது, நீங்கள் காட்டிய ஃபோல்டரைத் தாண்டி ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு நிரல் போய் உட்காரும். அடுத்த லாகினில் தானாக ஓடும். வேலை விண்ணப்பம் போல அனுப்பித்தான் தாக்கினார்கள். வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. ஹெல்ப் மெனுவில் பதிப்பைப் பாருங்கள். பிறகு விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஷெல்:ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் நீங்கள் வைக்காத கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு பதிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர், துணிக்கடை: கேமரா டிவிஆரை (பதிவுப் பெட்டி) ரீஸ்டார்ட் செய்தால் நெட் வேகமாகிறது. சற்று நேரத்தில் மறுபடி மந்தம்.

டிவிஆர் பாட்நெட்டில் (தாக்குபவர் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளின் கூட்டம்) சிக்கியிருக்கலாம். மிராய் வகை மால்வேர் பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே தங்கும். ரீஸ்டார்ட்டில் அழியும், வாசல் திறந்தே இருப்பதால் நிமிடங்களில் திரும்ப வரும். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு டிவிஆரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வார்டிங்கை (வெளியிலிருந்து உள்ளே வர வழி விடும் அமைப்பு) நீக்கி, அந்த வழியைக் கருவிகளே தானாகத் திறக்க விடும் யுபிஎன்பியையும் அணையுங்கள். டிவிஆரின் புதிய ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பென்டிரைவ் மூலம் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகே கேபிளைச் செருகுங்கள். ஹிக்விஷன் ஐபி கேமராவோ என்விஆரோ (ஐபி கேமராக்களின் பதிவுப் பெட்டி) இருந்தால், சிவிஇ-2021-36260 அடைபட்ட பதிப்பா என்று பார்க்க வேண்டும். அந்த ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. மாடல் பழசாகி ஃபர்ம்வேர் வருவது நின்றுபோயிருந்தால், அதை நெட்டோடு இணைக்காமல் கடைக்குள் மட்டும் ஓடவிடுங்கள். வீட்டிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் (கடை நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி) வழியாகப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம், விடுதி: ஐப்பசி மழையில் அடிக்கடி கரண்ட் போகிறது. ரவுட்டர் ஃபர்ம்வேரை ஏற்றலாமா?

யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ஏற்றலாம். பாதி எழுதும்போது கரண்ட் போனால் ரவுட்டர் எழாமலே போகலாம். வைஃபையில் வேண்டாம், லேன் கேபிளில் செய்யுங்கள். முன்னதாக செட்டிங்ஸை பேக்கப் எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் ஹார்ட்வேர் வெர்ஷனும் ஃபர்ம்வேரும் பொருந்த வேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் வி1 ஃபைலை வி2-வில் ஏற்றக் கூடாது.