டர்பனில் நாற்பது பேர் வேலை பார்க்கும் தையல் ஃபேக்டரி: முதலில் போட வேண்டிய கோடு

கேள்வி: "டர்பனில் நாற்பது பேர் வேலை பார்க்கும் தையல் ஃபேக்டரி. சீனச் சரக்கு, கரண்ட் பில், புது மெஷின் என்று எல்லாம் ஒன்றாக நெருக்குகிறது. பொறுப்பில் இருப்பவர் முதலில் எதைச் செய்ய வேண்டும்?"

நீங்கள் சொல்லாவிட்டாலும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், ஃபீனிக்ஸ் பகுதிகளில் நாற்பது பேர் என்றால் பெரும்பாலும் சி.எம்.டி. (வெட்டித் தைத்து முடித்துத் தரும் கூலி) வேலைதான். துணி, ஆர்டர் கொடுக்கும் டிசைன் ஹவுஸுடையது. வெட்டித் தைத்து மடித்துக் கொடுப்பது உங்கள் வேலை. அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதல் வேலை ஒரு கோடு போடுவது. பதின்மூன்று வாரத்துக்கான பண வரவு செலவுத் தாள் ஒன்று போட்டு, அதன் அடியில் "இதற்குக் கீழே இருப்பு போனால் அந்த வாரமே இன்னது செய்வோம்" என்று ஒரு தொகையை எழுதுங்கள். நெருக்கடியில் முதலாளிகள் தடுமாறுவது முடிவு தெரியாததால் அல்ல. கையில் காசு தீர்ந்த பிறகு முடிவெடுப்பதால்தான். அப்போது நல்ல முடிவை நிறைவேற்றக்கூடப் பணம் இருக்காது.

அந்தத் தொகை எப்படி வரும்? பன்னிரண்டு பேரைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள். சராசரி ஒன்பது வருட சர்வீஸ், வாரம் 1,600 ராண்ட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வேலை நிபந்தனைச் சட்டம் 41-ஆம் பிரிவுப்படி முழு வருடம் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு வாரச் சம்பளம்: 14,400. ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு நான்கு வார நோட்டீஸ்: 6,400. ஆளுக்கு 20,800, பன்னிரண்டு பேருக்கு 2,49,600 ராண்ட். எடுக்காத லீவுக்கான பணம், அடுத்து கட்ட வேண்டிய வாட் (விற்பனை வரி), பி.ஏ.ஒய்.இ. (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) எல்லாம் இதன் மேல். மொத்தம்தான் உங்கள் கோடு. முதலாளிகளும் யூனியனும் சேர்ந்து சம்பளம் பேசும் பார்கெயினிங் கவுன்சிலின் ஒப்பந்தத்தில் தொகையோ நாளோ வேறாக இருந்தால் அதுதான் செல்லும். அதை எடுத்து வைத்துக்கொண்டே கணக்கைப் போடுங்கள்.

"தலைமையைப் பற்றிக் கேட்டால் ஆட்குறைப்பைச் சொல்கிறீர்களே" என்று சிலருக்குக் கோபம் வரும். ஆளை அனுப்பச் சொல்லவில்லை. அனுப்பாமல் சமாளிக்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கோடு. கோட்டைப் பத்து வாரம் முன்பே பார்த்துவிட்டால் குறைந்த நேர வேலை, ஓவர்டைம் நிறுத்தம், வேறு ஆர்டர் என்று வழி இருக்கும். சம்பள வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை பார்த்தால் ஒன்றும் இருக்காது.

தாள் போடுவதில் வழக்கமாக இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, "வந்துவிடும்" என்று வாயால் சொன்ன ஆர்டரை வரவில் எழுதுவது. பி.ஓ. (எழுத்தில் வந்த ஆர்டர்) கையில் இல்லாத எதையும் எழுதாதீர்கள். மற்றது, பில்லில் உள்ள கெடு தேதியில் பணம் வரும் என்று எழுதுவது. அந்த வாங்குபவர் கடைசி ஆறு பில்லுக்கு உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து, அந்த நாளை எழுதுங்கள். திங்கள் காலையில் போன வாரம் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தத் தாளில் பலரைக் கவிழ்ப்பது வாட். ஜூன் 28-ஆம் தேதி நான்கு லட்சம் ராண்டுக்குப் பில் போடுகிறீர்கள், 15 சதவீத வாட் அறுபதாயிரம். ஜூனில் முடியும் வாட் கணக்குக் காலம் என்றால் ஜூலை கடைசிக்குள் வரித்துறையான சார்ஸுக்குக் கட்டியாக வேண்டும். வாங்குபவர் தொண்ணூறு நாள் என்றால் பணம் வருவது செப்டம்பர் கடைசியில். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் பணம் வந்த தேதியை வைத்து வாட் கட்ட முடியாது, பில் தேதிதான். துணி வாங்கி விற்பவருக்காவது கழித்துக்கொள்ள இன்புட் வாட் (வாங்கும்போது கட்டிய வாட்) இருக்கும். சி.எம்.டி.யில் பெரும் செலவு சம்பளம், சம்பளத்தில் வாட் கிடையாது. ஆக, அறுபதாயிரத்தில் பெரும்பகுதி இரண்டு மாதத்துக்கு உங்கள் கைக்காசு. மாதக் கடைசியில் போடும் பெரிய பில்லை அடுத்த கணக்குக் காலத்துக்குள் போகும்படி டெலிவரித் தேதியைப் பேசி வையுங்கள். டெலிவரி முடிந்த பிறகு பில் தேதியை மட்டும் தள்ளிப்போடுவது தப்பு, அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, எந்த ஆர்டர் சோறு போடுகிறது என்று பார்க்க வேண்டும். இருபத்துநான்கு மெஷினிஸ்ட், வாரம் 42 மணி நேரம் என்றால் 60,480 நிமிடம். எஃபிஷியன்சி (அந்த நேரத்தில் உண்மையில் உருப்படியாகும் பங்கு) 55 சதவீதம் என்றால் உங்களிடம் விற்பதற்கு இருப்பது 33,264 நிமிடம். வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் சேர்த்து வாரச் செலவு 1,10,000 ராண்ட் என்றால் நிமிடம் 3.31 ராண்ட். இருபத்திரண்டு நிமிடச் சட்டை 72.75 ராண்டில் நிற்கிறது. வாங்குபவர் 65 கொடுத்தால் ஒவ்வொரு சட்டைக்கும் கையிலிருந்து போடுகிறீர்கள். அதே ஃபேக்டரி 65 சதவீதத்தில் ஓடினால் அதே சட்டை 61.56. விலையை ஏற்றாமலே நஷ்டம் லாபமாகிறது. புது ஸ்டைல் லைனில் ஏறும் முதல் மூன்று நான்கு நாள் எஃபிஷியன்சி எப்போதும் விழும். அதனால் வாரம் ஒரு ஸ்டைல் மாறும் சின்னச் சின்ன ஆர்டர்தான் உங்களைத் தின்கிறது. அதற்கு நிமிட விலையை ஏற்றிக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். காசு வீணாவதை இங்கேதான் அதிகம் பார்க்க முடிகிறது. ஒரு மெஷினிஸ்ட் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்று பாருங்கள். காலரை எடுப்பார், ஓரம் சேர்ப்பார், பிரஸர் ஃபுட்டுக்கு அடியில் வைப்பார், தைப்பார், நூலை வெட்டுவார், பண்டிலில் (துண்டுகளின் கட்டில்) போடுவார். அறுபது விநாடி வேலையில் ஊசி ஓடுவது பத்துப் பன்னிரண்டு விநாடிதான். இரண்டு மடங்கு வேகமான மெஷின் வாங்கினாலும் மிச்சம் ஆறு விநாடி, அதாவது பத்து சதவீதம். மீதி நாற்பத்தெட்டு விநாடி கைவேலையில் போகிறது. நூலைத் தானே வெட்டும் ஆட்டோ டிரிம்மர், பண்டிலை இடது கை எட்டும் உயரத்தில் வைக்கும் தட்டு, ஓரம் பிடிக்கும் கைடு போன்றவை அந்த நாற்பத்தெட்டில் கை வைக்கும். விலையும் குறைவு.

பழைய கிளட்ச் மோட்டார் இருந்தால் முதலில் அதை சர்வோ மோட்டாராக மாற்றுங்கள். கிளட்ச் மோட்டார் ஊசி ஓடாத நேரத்திலும் சுற்றிக்கொண்டே கரண்ட் இழுக்கும். சர்வோ பெடலை மிதிக்கும்போது மட்டும் இழுக்கும். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023-ல் 18.65 சதவீதமும் 2024-ல் 12.74 சதவீதமும் ஏறிய நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. லோட் ஷெட்டிங் (முறை வைத்து கரண்டை நிறுத்துவது) திரும்பி வந்தாலும் சர்வோ லைனைச் சின்ன இன்வர்ட்டரில் ஓட்டலாம். ஸ்டீம் பாய்லரை அப்படி ஓட்ட முடியாது. அதனால் அயர்னிங்கைக் கரண்ட் இருக்கும் நேரத்துக்கும், நூல் வெட்டுவது, செக் பண்ணுவது, பண்டில் கட்டுவது ஆகியவற்றைக் கரண்ட் இல்லாத நேரத்துக்கும் வைத்து ஷிப்டை எழுதி வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் கட்டர், மார்க்கர் சாஃப்ட்வேர் விற்க வருபவர் துணி மிச்சமாகும் என்பார். உண்மைதான். மார்க்கர் என்பது வெட்டும் துண்டுகளைத் துணியில் அடுக்கும் வரைபடம்; அதில் பயன்படும் துணி 82 சதவீதத்திலிருந்து 85-க்குப் போனால் துணியில் மூன்றரை சதவீதம் மிச்சம். ஆனால் துணி யாருடையது? டிசைன் ஹவுஸுடையது. கடன் உங்களுடையது, மிச்சம் அவர்களுடையது. மிச்சத்தில் பாதி எங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் அந்த மெஷினில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீனச் சரக்கைப் பற்றி ஒன்று மட்டும். அரசு காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். 2007, 2008 இரண்டு வருடமும் சீனத் துணிமணிக்கு இந்த நாட்டில் கோட்டா (இறக்குமதிக்கு அளவு வரம்பு) இருந்தது. இறக்குமதி மற்ற நாடுகள் பக்கம் திரும்பியது, கோட்டா முடிந்தது. இப்போது இறக்குமதித் துணிமணிக்கு 45 சதவீத வரி. வெளிநாட்டிலிருந்து வரும் சின்னப் பார்சலுக்கும் 2024 செப்டம்பர் 1 முதல் வாட். அப்படியும் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. விலையில் கப்பலோடு போட்டி போட முடியாது, நாளில் முடியும். சீசன் நடுவில் தீர்ந்துபோன சைஸை மூன்று வாரத்தில் நிரப்பித் தருவது, ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு வரும் யூனிஃபார்ம் ரீஆர்டர் போன்றவைதான் உங்கள் இடம்.

கோடு தொட்டுவிட்டால்? ஆட்குறைப்பை முடிவு செய்துவிட்டுப் பேசப் போகாதீர்கள். தொழிலாளர் உறவுச் சட்டம் 189-ஆம் பிரிவு சொல்வது, யோசிக்கும்போதே பேச வேண்டும் என்று. காரணம், பரிசீலித்த மாற்று வழிகள், எத்தனை பேர், எந்த அடிப்படையில் தேர்வு, எப்போது, எவ்வளவு தொகை, மறுபடி எடுக்கும் வாய்ப்பு எல்லாம் எழுத்தில் வர வேண்டும். பெயர்ப் பட்டியலோடு கூட்டத்துக்குப் போனாலே வழக்கு தோற்ற மாதிரி. இன்னொன்று, அடுத்த ஆறு மாதத்தில் கடனைக் கெடுப்படி கட்ட முடியாது என்று தெரிந்தால், கம்பெனிச் சட்டம் 129-ஆம் பிரிவுப்படி பிசினஸ் ரெஸ்க்யூ (நொடிக்கும் கம்பெனியை மீட்கும் சட்ட ஏற்பாடு) தீர்மானம் போட வேண்டும், அல்லது ஏன் போடவில்லை என்று பாதிக்கப்படுவோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பதின்மூன்று வாரத் தாள் அதற்கும் சாட்சி.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மனசு கேட்கவில்லை. வேலையை விட்டு அனுப்பிய பிறகு, வேலை போனதை முதலாளி எழுதித் தரும் யூ.ஐ.-19 படிவம் கொடுக்காத முதலாளிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இருபத்தைந்து வருடம் பட்டன்ஹோல் போட்ட ஆன்ட்டி அந்த ஒரு தாளுக்காக லேபர் ஆபீஸுக்கும் ஃபேக்டரி கேட்டுக்கும் அலைகிறார். அது இல்லாமல் யூ.ஐ.எஃப். (வேலையில்லா காலக் காப்பீடு) பணம் வராது. நம்ம ஆள், நம்ம கோயில் என்று திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர்களும் இதைச் செய்கிறார்கள். யூ.ஐ.-19, சர்வீஸ் சர்டிஃபிகேட் இரண்டும் கடைசி நாளன்றே கையில் போக வேண்டும். ஆட்குறைப்புத் தொகைக்கு சார்ஸிடம் டாக்ஸ் டைரக்டிவ் (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்ற உத்தரவு) முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்குங்கள், இல்லையென்றால் பணம் வாரக்கணக்கில் நிற்கும்.

189 கடிதத்தை ஆங்கிலத்திலும் ஜூலு மொழியிலும் அச்சடியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை டீ இடைவேளைக்கு முன் கொடுத்தால், யூனியன் ஆபீஸுக்குப் போன் பண்ணவும் உங்களிடம் திரும்பி வந்து கேட்கவும் அவர்களுக்கு வாரத்தில் நான்கு வேலை நாள் இருக்கும்.