15 வயசுப் பொண்ணுக்கு மனநல சிகிச்சை குடுக்க அவ சம்மதம் வேணுமா, பெத்தவங்க கையெழுத்து போதாதா?

சட்டப்படி கையெழுத்து உங்களோடதுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 18 வயசு முடியாத பிள்ளைக்கு பெத்தவங்கதான் பிரதிநிதி, அட்மிஷன் சிகிச்சை எல்லாம் அவங்க சம்மதத்துல நடக்கும். அதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சு நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

என் பொண்ணுக்கும் அப்போ 15. ஸ்கூல் போறதை நிறுத்திட்டா, ரூமை விட்டே வரமாட்டா, டாக்டர் டிப்ரஷன்னு மாத்திரை எழுதினார், இவ தொடவே மாட்டேன்னுட்டா. வீட்டுப் பெரியவங்க பேச்சைக் கேட்டு மாத்திரையப் பொடி பண்ணி தயிர்சாதத்துல பிசைஞ்சு குடுத்தேன். மூணாவது நாள் கசப்பு தட்டிடுச்சு. தட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தா, ஒரு வார்த்தை பேசல. அப்புறம் பத்து நாள் என் கையால எதுவும் சாப்பிடல, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்தான்.

வேற டாக்டர்கிட்ட போனோம். அந்தம்மா முதல்ல அவகூட தனியா அரை மணி நேரம் பேசிட்டு, என்னை உள்ள கூப்பிட்டு, "நான் சொன்னத உன் வார்த்தையில அம்மாவுக்கு சொல்லும்மா"ன்னாங்க. இவ சொல்றா, மாத்திரை கேக்க ரெண்டு மூணு வாரம் ஆகும், முதல்ல வயித்தப் புரட்டும், எடுக்கலன்னா இப்படியே இழுத்துட்டு பத்தாவது பரீட்சை போயிடலாம், ஆனா குண்டாயிட்டா க்ளாஸ்ல என்ன சொல்லுவாங்கன்னு பயமா இருக்குன்னு. அந்த பயம் எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

சட்டத்தோட 4வது பிரிவுல முடிவெடுக்குற திறனுக்கு சொல்ற அளவுகோலும் இதுதான்: விவரம் புரியுதா, பின்விளைவு புரியுதா, முடிவை பேச்சாலயோ சைகையாலயோ சொல்லத் தெரியுதா. மத்தவங்களுக்கு அந்த முடிவு தப்பாத் தெரியுதுங்கறதால மட்டும் திறன் இல்லன்னு ஆயிடாதுன்னும் அதுலயே இருக்கு. "வேணாம்"னு சொன்னா புரியலன்னு நாமளா முடிவு பண்ணிடறோம் பாருங்க, அங்கதான் தப்பு.

உயிருக்கு ஆபத்துன்னா காத்திருக்க முடியாது, உடனே கூட்டிட்டுப் போங்க. சாதாரணமா அட்மிஷனுக்கே சட்டப்படி ரெண்டு நிபுணர்கள், அதுல ஒருத்தர் கட்டாயம் மனநல டாக்டர், பிள்ளையைத் தனித்தனியா பார்த்து சொல்லணும், பிள்ளையோட விருப்பத்தையும் கணக்குல எடுக்கணும், நீங்களோ துணைக்கு ஒருத்தரோ கூடவே இருக்கணும்.

கடைசியில இவ சரின்னா. கேட்டது ரெண்டே ரெண்டு: மாத்திரைய அவ கையாலதான் அட்டையிலேர்ந்து எடுப்பா, மாசாமாசம் வெயிட் பார்க்கணும். டாக்டர் ரெண்டையும் சீட்டுலயே எழுதிக் குடுத்தாங்க.