செடிக்கு எதிர்ப்பு சக்தி ஏற்றினால் மகசூல் குறையுமா? கேள்வி பதில்

பயிர் நோயியல் படித்தவன் என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாடித்தோட்டத்துத் தக்காளிக்கு ஆஸ்பிரின் கரைத்து ஊற்றினால் நோய் வராது என்கிறார்களே, உண்மையா அண்ணா?

முழுப் பொய் இல்லை அக்கா. 1961இல் ஃபிராங்க் ராஸ் என்பவர் புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் தேமல் வைரஸைத் தேய்த்தார். சில நாள் கழித்து மேல் இலைகளிலும் தேய்த்தபோது அங்கே புள்ளிகள் குறைவாகவும் சின்னதாகவும்தான் வந்தன, அதாவது கீழே பட்ட அடி மேலே எச்சரிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1979இல் இங்கிலாந்தின் ரேமண்ட் ஒயிட் புகையிலை இலையில் ஆஸ்பிரினையே ஊசியில் ஏற்றி, அதே மாதிரி எதிர்ப்பு வருவதைக் காட்டினார். செடி தானே தயாரிக்கும் சாலிசிலிக் அமிலத்தின் உறவுக்காரன்தானே ஆஸ்பிரின்! ஆனால் அளவு தவறினால் போச்சு. நான் ஒரு தடவை "இன்னும் ஒரு மாத்திரை போட்டால் என்ன" என்று போட்டு, மூன்றாம் நாள் தக்காளி இலை ஓரமெல்லாம் காகிதம் மாதிரி காய்ந்து சுருண்டதைப் பார்த்தேன். அதனால் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

கேள்வி: எதிர்ப்பு சக்தி நல்லதுதானே சார், செடி ஏன் அதை எப்போதும் தயாராக வைத்திருப்பதில்லை?

செலவு. நோயை எதிர்க்கும் புரதங்களைச் செய்யத் தழைச்சத்து வேண்டும், அதே தழைச்சத்துதான் இலைக்கும் மணிக்கும் வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடோப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியில், இந்த எதிர்ப்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் திரிபு ரகங்கள் உண்டு. நோய் அண்டாது, சரி, ஆனால் செடி குட்டையாகவே நின்றுவிடும்.

கோதுமையிலும் பார்த்திருக்கிறார்கள். 2000இல் மார்ட்டின் ஹெய்ல் குழுவினர், எதிர்ப்பைத் தூண்டும் பயான் மருந்தை நோயே இல்லாத பயிருக்கு அடித்தார்கள். செடியின் எடை, கதிர், மணி எல்லாமே குறைந்தன, அதுவும் தழைச்சத்துப் பற்றாக்குறை இருந்தபோது அடி இன்னும் பலம். வராத திருடனுக்கு வாட்ச்மேன் சம்பளம் கொடுத்த கதைதான்.

கேள்வி: நான் நெல்லுக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூள் போடுகிறேன். அப்போ எனக்கும் நஷ்டமா?

பயப்படாதீர்கள். இதில் இரண்டு வகை இருக்கிறது, பலர் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஒன்று, எதிர்ப்பை அப்போதே முழுதாக முடுக்கிவிடுவது. இன்னொன்று, செடியை உஷார் நிலையில் மட்டும் வைப்பது: புரதங்களைக் குவிக்காது, நோய் வந்து தொட்டால் மட்டும் சட்டென்று கிளம்பும். 2006இல் நெதர்லாந்தில் அராபிடோப்சிஸில் ஒப்பிட்டபோது, உஷார்படுத்துவதற்கு ஆன செலவு நேரடியாக முடுக்கியதைவிட ரொம்பக் குறைவாக இருந்தது, நோய் வந்தபோது பலனும் கிடைத்தது. வேரில் குடியேறும் சூடோமோனாஸ் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் செய்கிறது. போதாததற்கு, பூஞ்சைகளோடு நேரடியாகவும் மல்லுக்கு நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ் தூள் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம். அது உயிருள்ள பாக்டீரியா, அதனால் காப்பர் மருந்தோடோ ஆன்டிபயாடிக்கோடோ கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: எதிர்ப்பு மருந்து அடித்தபிறகு புழு அதிகமாகிவிட்டது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம், உங்கள் வயலைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். செடிக்குள் எதிர்ப்பைக் கிளப்பும் இரண்டு வழிகள் உண்டு: சாலிசிலிக் அமிலத்தின் வழி பெரும்பாலும் உயிருள்ள திசுவில் ஒட்டி வாழும் கிருமிகளுக்கு, செடி தயாரிக்கும் இன்னொரு பொருளான ஜாஸ்மோனிக் அமிலத்தின் வழி மென்று தின்னும் புழுக்களுக்கு. ஒன்று ஓங்கினால் மற்றது அடங்குவது வழக்கம். தக்காளி வயலில் ஜெனிஃபர் தேலர் 1999இல் இதைக் காட்டியிருக்கிறார்: சாலிசிலிக் வழியைத் தூண்டும் மருந்து கொடுத்த செடிகளில் படைப்புழுவுக்கான எதிர்ப்பு தளர்ந்துபோனது. புழுத் தொல்லை அதிகமுள்ள பட்டத்தில் இதை அடிக்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

கேள்வி: உளுந்து, நிலக்கடலைக்கு இந்த எதிர்ப்பு மருந்தை அடிக்கலாமா?

சாலிசிலிக் அமிலம் சில பயறு வகைகளில் வேர் முடிச்சு உருவாவதைக் குறைக்கும். முடிச்சைக் கட்டும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவும் செடிக்கு வெளியாள்தானே! சின்ன இடத்தில் போட்டு, செடியைப் பிடுங்கி முடிச்சை எண்ணிப் பார்த்துவிட்டுப் பரவலாக்குங்கள்.

கேள்வி: இலையில் ஏற்கெனவே புள்ளி வந்துவிட்டது, இப்போ அடிக்கலாமா?

வேண்டாம். எதிர்ப்பு எழும்பவே பல நாள் ஆகும்.

கேள்வி: அப்புறம் யாருக்குத்தான் இது லாபம்?

நோய் வருவது கிட்டத்தட்ட நிச்சயம் என்கிற இடத்தில். ஜப்பானில் 1970களிலிருந்து நெல் குலைநோய்க்கு புரோபெனசோல் என்ற மருந்தைப் போடுகிறார்கள். பூஞ்சையைக் கொல்வதில் அது ரொம்பச் சுமார், வேலை செய்வது செடிதான். குளிரும் ஈரமுமாக இருக்கும் பகுதிகளில் குலைநோய் திரும்பத் திரும்ப வருவதால் செடி செய்யும் செலவு திரும்பக் கிடைத்துவிடுகிறது. உங்கள் வயலில் ஐந்து வருடத்தில் ஒரு தடவைதான் நோய் தலைகாட்டும் என்றால், நான் விதை நேர்த்தியோடு நிறுத்திக்கொள்வேன்.