பச்சோந்திக் கூண்டுக்கு ஜன்னல் கொசுவலை போதுமா? வேறு எந்த வலை தேடுவது?

2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரத்தில் மரச்சட்டம் அடித்துவிட்டீர்கள். உள்ளே வரப்போவது வளர்ந்த ஆண் வெய்ல்டு பச்சோந்தி, தலையில் உயரமான கொண்டை உள்ள இனம். ஜன்னலுக்குப் போட்டது போக ஃபைபர் கிளாஸ் கொசுவலை ஒரு சுருள் மீதம் இருக்கிறது, அதையே சுற்றிலும் மேலேயும் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிக்காதீர்கள். நான் அடித்தேன்.

என் முதல் கூண்டு அது. பார்க்க அழகாக இருந்தது. ஒரு பூச்சிகூட வெளியே வராது, வலையும் மிருதுவாக இருக்கிறது, குத்தாது என்று நினைத்தேன். ஆறாவது மாதம் ஒரு காலையில் பார்த்தால் பச்சோந்தி வலையில் ஒரு காலால் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னங்காலின் ஒரு நகம் வலை இழைக்குள் மாட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக இழுத்துக்கொண்டிருந்ததோ, வாய் திறந்து மூச்சு வாங்கியது. சின்னக் கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் விடுவித்தேன். நகம் வேரோடு பிய்ந்திருந்தது. இரண்டு நாளில் விரல் வீங்கியது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய், மூன்று வாரம் மருந்து கொடுத்துத்தான் சீழ் ஆறியது. அந்த நகம் திரும்ப முளைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு கூண்டு செய்துவிட்டேன். வலையைத் தேர்ந்தெடுக்கும்போது பூச்சியை யோசிக்காதீர்கள், பச்சோந்தியின் காலை யோசியுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது.

பச்சோந்தியின் பாதத்தை அருகில் பார்த்திருப்பீர்கள். ஐந்து விரல்களும் இரண்டு கற்றைகளாக ஒட்டியிருக்கும். முன்னங்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்னங்காலில் இதற்கு நேர்மாறு. குறடு போலக் கிளையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கப் படைக்கப்பட்ட பாதம் அது. உடல் எடையைத் தாங்க வேண்டியது அந்தக் கவ்வல்தான். நகம் கூடுதல் பிடிப்புக்கு. கொசுவலையில் ஓர் அங்குலத்துக்கு 18 க்கு 16 கண்கள், அதாவது ஓட்டைகள், இருக்கும். ஒரு கண்ணின் திறப்பு ஏறக்குறைய 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர். அதற்குள் விரல் போகாது, நகத்தின் நுனி மட்டும்தான் போகும். ஆக, 150 கிராம், 180 கிராம் எடையுள்ள உடம்பு முழுவதும் நகநுனிகளில் தொங்குகிறது. ஃபைபர் கிளாஸ் இழை நெகிழ்ந்து கொடுப்பதால் நகம் இன்னும் ஆழமாக இறங்கி மாட்டிக்கொள்கிறது. அதே பச்சோந்தி அரை அங்குலக் கண் உள்ள வலையில் ஏறினால், விரல் கற்றையே கண்ணுக்குள் போய்க் கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். கிளையில் நடப்பது போலவே நடக்கும். வளர்ந்த பச்சோந்திக்கு நுண்ணிய வலையைவிடப் பெரிய கண் உள்ள வலைதான் பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

அதனால் நீங்கள் தேட வேண்டியது பி.வி.சி. பூச்சு போட்ட வெல்டு மெஷ், அதாவது குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த கம்பி வலை. கண் அரை அங்குலத்துக்கு அரை அங்குலம். முயல் கூண்டு, பறவைக் கூண்டு, தோட்ட வேலிக்கான சாமான் விற்கும் இடங்களில் சுருளாகக் கிடைக்கும். கேட்கும்போது இரண்டு விஷயத்தில் குழப்பம் வரும். சிலர் கண்ணின் அளவைச் சொல்வார்கள், சிலர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று சொல்வார்கள்; ‘2 மெஷ்’ என்றால் அங்குலத்துக்கு இரண்டு கண், அதாவது அதே அரை அங்குலம்தான். அடுத்தது கேஜ். எண் கூடக்கூடக் கம்பி மெலிது. 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 19 கேஜ் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். உங்கள் சட்டத்துக்கு 19 கேஜே தாராளம். சொல்லும் கனம் பூச்சுக்கு உள்ளே இருக்கும் கம்பியுடையதா, பூச்சோடு சேர்த்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெளிர் நிறமும் வெள்ளிப் பளபளப்பும் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடித்து உள்ளே இருப்பதை மறைக்கும். கறுப்பு வலை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

பூச்சு ஏன் என்றால், துத்தநாகம் பூசிய வெறும் ஜி.ஐ. வலை தினமும் தண்ணீர் தெளிக்கும் கூண்டுக்குள் வெள்ளைத் துரு பிடிக்கும். சுண்ணாம்புத் தூள் மாதிரி கம்பியில் படரும். பச்சோந்தி கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை அநேகமாகத் தொடாது. இலையிலும் வலையிலும் நிற்கும் துளிகளை நக்கித்தான் குடிக்கும். துத்தநாகம் உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் நஞ்சு. அந்தத் துளியில் அது கலப்பதை நான் விரும்பவில்லை. தவிர, வெறும் ஜி.ஐ. வலையின் முடிச்சுகளில் துத்தநாகக் கட்டிகள் முள் போல நிற்கும். மூக்கைத் தேய்க்கும் பழக்கமுள்ள ஆண் பச்சோந்தி என்றால் மூக்கு நுனி புண்ணாகிவிடும்.

மற்ற வலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய ஜன்னல் வலை ஃபைபர் கிளாஸைவிடப் பரவாயில்லை: இழை நெகிழாது, பூச்சி கடிக்காது. கடையில் வரும் தயார்க் கூண்டுகள் பலவற்றில் இருப்பதும் அதுதான். ஆனாலும் நகநுனியில் தொங்கும் சிக்கல் அப்படியே இருக்கிறது. நாய், பூனை கிழிக்காமல் இருக்க வரும் பாலியஸ்டர் வலை தடிமனானது, நகத்தால் கிழியாது. ஆனால் வெளிச்சத்தையும் காற்றையும் மிகவும் குறைக்கும். எஸ்.எஸ். (எவர்சில்வர்) வலை துருப்பிடிக்காது, விலை கூட, வெட்டிய முனை கத்தி மாதிரி இருக்கும். தோட்டத்துக்கு வரும் பிளாஸ்டிக் வலை காலுக்கு நல்லது, ஆனால் ஒரு வருடத்தில் தொய்யும், விளக்கருகே உருகும். கோழி வலையும் செம்பு, பித்தளை வலைகளும் வேண்டவே வேண்டாம்.

பெரிய கண் வைத்தால் தீனிக்குப் போடும் சுவர்க்கோழிகள் வெளியே ஓடிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடும், கூண்டில் அவிழ்த்துவிட்டால். நான் அவிழ்த்துவிடுவதில்லை. ஆழமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு பக்கத்தில் உள்புறமாகச் சிறு பிளாஸ்டிக் வலைத்துண்டை ஒட்டி, பச்சோந்தி உட்காரும் கிளைக்கு எதிரே தொங்கவிடுகிறேன். பூச்சிகள் அந்த வலைத்துண்டில் ஏறி அசைந்துகொண்டிருக்கும், பச்சோந்தி நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். எத்தனை சாப்பிட்டது என்று எண்ணவும் முடியும். கூண்டில் விட்டுவிட்ட சுவர்க்கோழி இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும் ஆபத்தும் உண்டு, ஆகவே வலை எதுவாக இருந்தாலும் டப்பாவில் வைப்பதே மேல்.

இனி கூரை. பக்கங்களுக்கு எடுத்த வலையை யோசிக்காமல் மேலேயும் அடித்துவிடக் கூடாது, ஏனென்றால் யு.வி.பி. விளக்கும் (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தருவது) சூடு விளக்கும் அதன் வழியாகத்தான் உள்ளே வரப்போகின்றன. ஒரு வலை எவ்வளவு ஒளியை விடும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒரு கண்ணின் திறப்பை, திறப்பும் கம்பிக் கனமும் சேர்ந்த அளவால் வகுத்து, நீளத்துக்கும் அகலத்துக்கும் வந்த இரண்டு எண்களையும் பெருக்குங்கள். 18 க்கு 16 கொசுவலையில் இழை 0.28 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் திறந்த பரப்பு ஏறக்குறைய 66 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு வலையிலேயே நின்றுவிடுகிறது. அரை அங்குல வலையில் 1 மில்லிமீட்டர் கம்பி என்றால் 85 சதவீதம் திறப்பு. பூச்சோடு 1.5 மில்லிமீட்டர் ஆனால் 78.

இதில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. யு.வி.பி. குறைந்தால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் எலும்பில் ஏறாது, கால் எலும்பு வளைந்துபோகும். ஆனால் கொசுவலைக் கூரைக்காகச் சொல்லப்பட்ட விளக்கு உயரத்தை அப்படியே பெரிய கண் வலைக்கு வைத்தால், பச்சோந்தியின் முதுகில் விழும் கதிர் கால் பங்குக்குச் சற்று மேல் வரை கூடிவிடும். கொசுவலையின் கீழ் யு.வி. குறியீடு (புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) 3 காட்டிய இடம் இப்போது 3.5 முதல் 3.9 வரை காட்டும். வெய்ல்டு, பேந்தர் (வீட்டில் வளர்க்கும் இன்னொரு பச்சோந்தி இனம்) இரண்டுக்கும் வெயில் காயும் கிளையில் 3 அளவில் இருந்தால் நல்லது. கூரை வலையை மாற்றினால் கிளையையும் இறக்க வேண்டும். நான் கிளையைக் கூரைக்கு 9 அங்குலம் கீழே வைத்து, யு.வி. குறியீட்டு மானியை ஒரு நாள் இரவல் வாங்கி அளந்து, பிறகுதான் கிளையை நிரந்தரமாகக் கட்டினேன். சூட்டைப் பொறுத்தவரை அதே கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும்.

பச்சோந்தி கூரையில் தலைகீழாகவும் நடக்கும். விளக்கை வலை மேலேயே வைத்தால் கம்பி பழுக்கச் சூடாகி, பாதமும் கொண்டையும் வெந்துபோகும். சூட்டை உணர்ந்து அது விலகிவிடும் என்று நம்பாதீர்கள், தீக்காயத்தோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே வலையின் உள்பக்கம் உங்கள் கையை ஐந்து நிமிடம் வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் இன்னும் உயர்த்துங்கள். சூடு விளக்குக்குக் கீழே மட்டும் பி.வி.சி. பூச்சு வேண்டாம், இளகி நாற்றமெடுக்கும். அந்த ஒரு சதுரத்துக்கு முனை நன்றாக ராவிய எஸ்.எஸ். வெல்டு மெஷ், அதே அரை அங்குலக் கண்ணில், வைத்திருக்கிறேன்.

நான்கு பக்கமும் வலைதான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அறை வறண்டதாக இருந்தால், பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் பி.வி.சி. பலகை போட்டு, முன்கதவுக்கும் கூரைக்கும் மட்டும் வலை போடலாம். முன்பக்கத்தின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வலைப்பட்டை விட்டுவிடுங்கள். விளக்குச் சூட்டில் காற்று மேலே எழும்போது அடியிலிருந்து புதுக்காற்று இழுக்கப்படும். ஈரமும் நிற்கும், காற்றும் தேங்காது. ஈரக்காற்று தேங்கினால் பச்சோந்திக்கு நுரையீரலில் கிருமி பிடிக்கும். வழுவழுப்பான பலகையில் அதனால் ஏறவும் முடியாது, ஆகவே நகத்துக்கும் நிம்மதி. வலை மூன்றில் ஒரு பங்குதான் தேவைப்படும் என்பதால் நல்ல வலையாக வாங்கலாம்.

அடிப்பதற்கு முன், வலையை வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளாஸ்டிக் வாசம் போகும்வரை சில நாள் வெயிலில் போடுங்கள். சுருளை எதிர்ப்பக்கம் சுருட்டி வைத்தால் நேராகும். வெட்டும்போது கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்காமல் அடுத்த குறுக்குக் கம்பியை ஒட்டி வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கேதான் தொடங்கும்; மீன் தொட்டிக்குப் போடும் சிலிக்கோனை ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், நனைந்து நனைந்து துருவேறிக் கழன்றுவிடும். அகலமான வாஷரோடு எஸ்.எஸ். திருகாணி போட்டு, ஓரத்தை முழுவதும் மெல்லிய ரீப்பரால் மூடுங்கள். மரத்துக்குத் தண்ணீர் புகாத பூச்சு கொடுப்பதாக இருந்தால் வலை அடிப்பதற்கு முன்பே கொடுத்து, வாசமே இல்லாமல் காயட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து உள்பக்கம் முழுக்கத் தடவிப் பாருங்கள், மூலைகளில் இரண்டு முறை. எங்கே பஞ்சு இழுபடுகிறதோ அங்கே நகமும் மாட்டும். என் மூன்றாவது கூண்டில் பதினோரு இடத்தில் மாட்டியது. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, சிலிக்கோன் வைத்தேன்.

நல்ல வலை போட்ட பிறகும் நாள் முழுக்க வலையிலேயே ஏறி இறங்கினால், வலையை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள். கிளைகள் போதவில்லை, சூடு அதிகம், எதிரே கண்ணாடியில் தன் உருவத்தையே பார்க்கிறது, பெண்ணாக இருந்தால் முட்டையிட மண் தேடுகிறது: பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். விரல் பருமன், கட்டைவிரல் பருமன் என்று வெவ்வேறு தடிமனில் கிளைகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்தபின் என்னுடையது வலையைத் தொடுவதே அபூர்வம்.

குஞ்சு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அரை அங்குல வலை உங்களுக்கு இல்லை. முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சு அதன் வழியாக நேராக வெளியே போய்விடும். எடை சில கிராம்கூட இருக்காது என்பதால் நகத்தில் பாரம் விழுவதும் குறைவு. அதற்கு அலுமினிய நுண்வலையே சரி. தலையின் அகலம் கண்ணின் திறப்பைப் போல இரண்டு மடங்கு ஆனபிறகு மாற்றுங்கள். உங்களுடையது வளர்ந்த ஆண் என்பதால் இந்தக் கவலை இல்லை. கூண்டில் பிறந்தது, உங்கள் நாட்டுச் சட்டப்படி வளர்க்கக்கூடியது என்பதை மட்டும் வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

உள்ளே விட்ட முதல் மாதம், வாரம் ஒருமுறை இருபது நகங்களையும் எண்ணுங்கள். என்னுடையதுக்குப் பத்தொன்பது. ஆறு வருடமாக அந்தப் பத்தொன்பதும் இருக்கின்றன.